கெட்டிமேளத்திற்கு அப்பால்

தில்லி மாநகரின் தென்பகுதியில் உள்ள சரோஜினி நகர், முன்னர் விநய் நகர் என வழங்கப்பெற்றது. விடுதலைக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்கென எழுந்த இக்குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு இப்போது அடுக்குமாடிகள் எழுகின்றன. எனினும், தமிழர் வழிபடும் விநாயகர் ஆலயம் இன்றும் அங்கே உண்டு. இத்தகைய இடங்களில் ஒரு திருமணம் நிச்சயமானவுடன் எழும் வினாக்களுள் ஒன்று, "மேளத்திற்குச் சொல்லியாயிற்றா?" என்பது. சமையலுக்கு ஆள், பூ கட்ட ஆள், மணமகனுக்கு முகம் மழிக்க ஆள் என்னும் பட்டியலில் மேளமும் ஒன்றாக இடம்பெறுகிறது. பட்டியல் போடும் நாம், அதில் அடங்கிய மனிதரின் தொழிலை எந்த அளவுக்கு அறிவோம்?

இத்தகைய பட்டியல் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதனைத் தொடர்ந்து நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோர் வருகின்றனர். ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என வரையறுத்து, அவரவர்க்கு உரிய பங்கும் கூறப்படுகிறது. பாடுபவரும் மழிப்பவரும் ஒரே ஆவணத்தில் நிற்பது கருதத்தக்கது. அதனினும் கருதத்தக்கது மற்றொரு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து நெல்லைப் பெறலாம். அவ்வுறவினர் தாமே தகுதியுடையவர் அல்லராயின், தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து அமர்த்துதல் வேண்டும். பிறப்பினால் உரிமை வந்ததாயினும் தேர்ச்சியின்றிப் பணி நடவாது என்பதனை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்ட நமக்கு ஆங்கிலத்தின் 'பார்பர்' என்னும் சொல் எப்போதும் இடர் தருவது. அகராதி 'நாவிதர்' என எளிதாகச் சொல்லிவிடும். ஆயின் தமிழகத்தில் அவ்வினத்தார்க்கு 'மருத்துவர்' என்றும், தென்பாண்டி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 'பரியாரி' என்றும் பெயர் வழங்கியது. இவை வெறும் உபசாரப் பெயர்கள் அல்ல. கட்டியைக் கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல், மூலிகை அறிதல் ஆகியன அவர்தம் தொழிலின் பகுதிகளாக இருந்தன. அவர் இல்லத்துப் பெண்டிர் ஊருக்கெல்லாம் பேறு பார்த்த மருத்துவச்சிகள். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இம்மகளிரின் பேறுகாலப் பணி பதிவாகியுள்ளது. தமிழகத்தின் சில பகுதிகளில் நாகசுரமும் தவிலும் இம்மரபினரின் கையிலேயே இருந்தன. பிள்ளை பிறக்கும்போது உடனிருந்த குடும்பமே, அப்பிள்ளையின் திருமணத்தில் மங்கல இசை முழக்கியது.

மேலை நாட்டிலும் இந்நிலை இருந்தது. இலண்டன் மாநகரில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540-இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745-இல் பிரிந்தனர். பிரிந்தபின் அறுவை மருத்துவர் கல்லூரியும் பட்டமும் கண்டு உயர்ந்தனர். நம் நாட்டிலோ மருத்துவம் புதிய கல்லூரிகளுக்குப் போயிற்று. பேறு பார்த்தல் மருத்துவமனைக்குப் போயிற்று. கத்தி மட்டும் பழைய கையில் தங்கிற்று. கற்ற குடும்பத்தின் அனுபவம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே மறைந்தது. வெளியார் கண்ணுக்கு எஞ்சியது மழிக்கும் தொழில் ஒன்றே.

இனி நாகசுரத்தின் பக்கம் திரும்புவோம். கேட்பவர்க்கு அது ஊதினால் ஒலிக்கும் குழல். அக்குழலோ ஆச்சா மரத்தில் கடைந்தது. குடந்தையை அடுத்த நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர், பழைய வீடுகளில் நெடுங்காலம் உலர்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குவர். அவ்வூர் நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு 2022-இல் கிடைத்தது. ஒலியின் உயிர் சீவாளியில் உள்ளது. நாணலைப் பக்குவம் செய்து, உலர்த்திச் சீவி அமைக்கும் அச்சிறு பொருள், வானிலைக்கேற்பக் குணம் மாறும். காவிரிக்கரையில் இணங்கிய சீவாளி தில்லியின் தைமாதக் குளிரில் இணங்க மறுக்கும். ஆதலின் கலைஞர் பல சீவாளிகளைக் கோத்து உடன் கொணர்வர். தவிற்கலைஞர் இடக்கையில் கழி பற்றி, வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டி அடிப்பர். பலாமரத்தில் குடைந்த அக்கருவியின் சுமை அறியாதார், ஊர்வலத்தில் அதனைத் தோளில் தாங்கி நெடுவழி நடந்து பார்த்தல் வேண்டும்.

அவர்தம் கல்வியும் குறுகியதன்று. இறைவன் புறப்பாட்டிற்கு மல்லாரி, விடியற்காலைக்கு ஓர் இராகம், பள்ளியறைக்கு மற்றோர் இராகம் எனக் கோயில் மரபு அனைத்தையும் நினைவில் நிறுத்துதல் வேண்டும். திருமணத்தில் மாங்கல்யம் ஏறும் கணம் அறிந்து, வாசித்துக் கொண்டிருந்ததை விடுத்துக் கெட்டிமேளத்திற்கு மாறுதல் வேண்டும். அக்கணத்தில் தவறான ஒலி எதுவும் மணமக்கள் செவியில் விழாதவாறு காப்பது அவர் கடமை.

இத்துணைத் தேர்ச்சிக்கும் சமூகம் அளித்த மதிப்பு குறைவு. மேலாடையை இடுப்பில் கட்டி, நின்றுகொண்டே வாசிக்குமாறு கலைஞர் பணிக்கப்பட்ட காலம் இருந்தது. அதனை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956). தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக் கொண்டு, சட்டையும் கோட்டும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசிப்பதைத் தம் உரிமையாக நிலைநாட்டினார். நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியுடன் சேர்ந்து, நீளமும் கீழ்ச்சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தைப் பரப்பினார். 1947 ஆகஸ்டு 14-ஆம் நாள் திருவாவடுதுறை ஆதீனத்தார் தில்லியில் நேருவிடம் செங்கோல் அளித்தபோது உடன் வந்து இசைத்தவரும் இவரே.

ஆயினும் ஒருவர் பெற்ற மதிப்பு அனைவர்க்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. ஆகவே சில மாத முகூர்த்தங்களில் ஈட்டுவதைக் கொண்டே ஆண்டு முழுதும் குடும்பம் நடத்துதல் வேண்டும். பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் இட்டு மணம் முடிப்பார் உளர். மேளம் வைப்பவர்களும், பேச்சுக்கு இடையூறு என்று இராகத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்வதுண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவர்கள் அருகில் கிடைப்பதே அரிது. ஆதலின் சில கடமைகள் நமக்கு உண்டு. நெடும்பயணம் செய்து வரும் கலைஞர்க்கு வழிச்செலவைக் கூலியிலிருந்து கழியாது தனியே தருதல் வேண்டும். தங்க நல்ல அறையும் முதற்பந்தியில் இலையும் அளித்தல் வேண்டும். வரவேற்பு மாலையில் ஒரு மணி நேரமேனும் அமர்ந்து முழு இராகம் வாசிக்க இடம் தந்து, நம் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துதல் வேண்டும். மணமகனுக்கு முகம் மழிக்க வருபவர்க்கும் இவ்வுபசாரம் உரியதே. பெரிய கோயிற் கல்லில் இருவர்க்கும் நெற்பங்கு எழுதிய மரபினர் நாம்.