நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சேவல், பெட்டை கண்டறிவது எப்படி?

மழைக்காலம் தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்கு உதவுவது வீட்டுக்கோழிதான். சேவல்களை விற்று, பெட்டைகளை முட்டைக்கும் அடைக்கும் நிறுத்தினால் வருமானம் தொடரும். அவசரத்தில் வெடைக்கோழியைச் சேவல் என்று நினைத்து விற்றுவிட்டால், அது இடவேண்டிய முட்டையும் பொரிக்கவேண்டிய குஞ்சும் கைவிட்டுப் போகும்.

நம்ப வேண்டாதவை

கூரான முட்டையில் சேவல் வரும், உருண்டை முட்டையில் பெட்டை வரும் என்பது உண்மையல்ல. முட்டைக்கு மேல் நூலில் மோதிரம் கட்டி ஆட்டிப் பார்ப்பதும் பயன் தராது. குஞ்சின் பாலினம் ஓடு உருவாகும் முன்பே, தாய்க்கோழியின் கருவிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு நாள் குஞ்சில் தெரியுமா?

பொரிப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிப்பார்கள். இது ஜப்பானில் உருவாகி, 1930-களில் பிற நாடுகளுக்குப் பரவிய முறை. பழக்கமில்லாதவர்கள் செய்தால் குஞ்சு காயப்பட்டு இறக்கும். சிறகு நீளத்தை வைத்துப் பிரிப்பது அதற்கெனவே கலப்பு செய்த இனங்களில் மட்டுமே பலிக்கும், நாட்டுக்குஞ்சுக்குப் பொருந்தாது.

வயதுக்கேற்ற அடையாளங்கள்

* 6 முதல் 8 வாரம்: சேவல் குஞ்சின் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். கால்கள் தடித்திருக்கும். பெட்டையின் கொண்டை சிறியதாக, வெளிறியிருக்கும்.
* 10 முதல் 14 வாரம்: வாலுக்கு முன்னால், முதுகின் பின்பகுதி இறகுகளைப் பாருங்கள். சேவலுக்கு நீண்டு, நுனி கூராக, பளபளப்பாக இருக்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். இதுவே நம்பகமான அடையாளம்.
* 3 முதல் 5 மாதம்: பெரும்பாலான சேவல்கள் கூவத் தொடங்கும், வாலில் வளைந்த இறகுகள் நீளும்.

கவனிக்க வேண்டியவை

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அசில் கோழிக்கு இயல்பிலேயே கொண்டை சிறியது. குடற்புழு, நோய், தீவனக் குறைவால் வாடிய சேவலுக்கும் கொண்டை வெளிறும். கால் முள் சில வயதான பெட்டைகளுக்கும் வளரும். எனவே ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குஞ்சுகளுக்கு நல்ல தண்ணீரையே வையுங்கள். உப்பு மிகுந்த நீர் குஞ்சுகளின் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது

ஆறாம் வாரத்தில் சேவல் என்று தோன்றும் குஞ்சின் காலில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் தடிக்கத் தடிக்க நூலை மாற்றுங்கள். பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு முதுகு இறகைப் பார்த்து உறுதி செய்து விற்பனைக்குப் பிரியுங்கள். சந்தேகமான குஞ்சை இன்னும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். எட்டு முதல் பத்து பெட்டைக்கு ஒரு நல்ல சேவலை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இளம் குஞ்சுகளை வாங்கும்போது "எல்லாமே பெட்டை" என்று வியாபாரி சொன்னால் அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகவே இருக்கும்.