சலூனும் சலோனும்: ஜெரோமின் படங்கள் எங்கட ஃபோனுக்குள் வந்த கதை

குறிஞ்சாக்கேணியில் முடி வெட்டப் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியை அல்ல, சுவரைத்தான். இடுப்பளவில் தொடங்கி சீலிங் வரைக்கும் படங்கள். மெஸ்ஸிக்கு மேல் விஜய், விஜய்க்கு மேல் பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டு மொடல், கொஞ்சம் தள்ளி மரியாதையாகத் தனியே ஒரு மக்கா படம். கண் மட்டத்தில் யார், மூலையில் யார் என்று தீர்மானிப்பது சலூன் காக்கா. உலகக் கிண்ணம் முடிந்த கையோடு சிலர் நடுச்சுவருக்கு வருவார்கள், சிலர் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸிலும் இதேதான் நடந்தது. அதன் பெயரும் இதேதான். பிரான்ஸின் கலை அகாதமி நடத்திய பெரிய ஓவியக் கண்காட்சிக்கு 'சலோன்' என்று பெயர். லூவர் மாளிகையில் அது நடந்த மண்டபத்தின் பெயரே கண்காட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்துக்குள் புகுந்து, நெளிந்து, எங்கட சந்தி வரைக்கும் 'சலூன்' ஆக வந்து சேர்ந்தது. அங்கேயும் படங்களைச் சீலிங் வரைக்கும் நெருக்கித்தான் மாட்டினார்கள். கண் மட்டத்தில் இடம் கிடைத்தவன் பிழைத்தான், உச்சியில் மாட்டப்பட்டவனின் படத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். காக்காவுக்குப் பதிலாக அங்கே ஒரு நடுவர் குழு, அவ்வளவுதான் வித்தியாசம்.

1863இல் அந்த நடுவர்கள் வந்த படங்களில் பாதிக்கும் மேலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சத்தம் பெரிதாகவே, மூன்றாம் நெப்போலியன் 'நிராகரிக்கப்பட்டவர்களின் சலோன்' என்று பக்கத்திலேயே இன்னொன்றைத் திறக்கச் சொன்னார். மானே அங்கே வைத்த படத்தைப் பார்த்துச் சனம் சிரித்தது. பிறகு இம்ப்ரெஷனிஸ்டுகள் வந்து எல்லாவற்றையும் மாற்றிய கதை சித்திரப் பாடத்தில் வருவதுதான், அதை விடுவோம். எங்களுக்கு வேண்டியது அந்தக் கதையில் வில்லனாக வருகிற கோஷ்டி. காபனெல், பூகரோ, ஜெரோம். அகாதமியின் செல்லப்பிள்ளைகள்.

இவர்கள் படத்தில் தூரிகை போன தடமே தெரியாது. தோல் என்றால் பளிங்கு. பிடிக்காத விமர்சகர்கள் இதை 'நக்கித் துடைத்த' ஓவியம் என்று கிண்டலடித்தார்கள். எங்கட பாஷையில் சொன்னால், பியூட்டி ஃபில்டரை முழுசாக ஏற்றிய செல்ஃபி. மூக்கில் பரு இல்லாத, முட்டியில் தழும்பு இல்லாத மனிதர்கள். 1873 சலோனில் பூகரோ காட்டிய 'வனதேவதைகளும் சாத்தீரும்' கடைசியில் போய்த் தொங்கிய இடம் எது தெரியுமா? நியூயோர்க்கில் ஹொஃப்மன் ஹவுஸ் ஹோட்டலின் குடிமண்டபம். சலோனில் பிறந்த படம் சலூனிலேயே போய்க் குந்திவிட்டது.

இந்தக் கோஷ்டி செத்துப் போச்சு என்று நினைத்தவர்கள் இன்ஸ்டாகிராம் பார்க்காதவர்கள். முழங்கைக்குப் பின்னால் முகத்தைப் பாதி மறைத்து, சிவந்த கண்ணில் ஒரு துளிக் கண்ணீரோடு முறைக்கும் ஒரு பையனின் முகம் எத்தனை பேருடைய புரொஃபைலில் இருக்கிறது! காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி, கிரிக்கெட் தோல்வி எல்லாவற்றுக்கும் அவன்தான். அது காபனெல் 1847இல் வரைந்த 'வீழ்ந்த வானவர்'. அப்போது காபனெலுக்கு எங்கட வயதுதான். ரோமுக்குப் படிக்கப் போன இடத்தில் வரைந்து பாரிஸுக்கு அனுப்பினார், அகாதமிக்காரர்கள் அதிலும் குறைதான் கண்டார்கள். எங்கட கூட்டத்திலும் ஒருவன் ஆறு மாதம் அதை வைத்திருந்தான். "மச்சான், அது ஆரென்டு தெரியுமா?" என்று கேட்டோம். சொர்க்கத்திலிருந்து விரட்டப்பட்ட லூசிபர். ஆதமுக்குத் தலைவணங்க மறுத்த இப்லீஸின் இடத்தில் கிறிஸ்தவக் கதையில் நிற்பவன். அன்றிரவே படம் மாறியது. இப்போது அங்கே ஒரு பூனை.

ஜெரோமின் கதை இன்னும் பெரியது. ஜோன்-லியோன் ஜெரோம், பிறப்பு 1824, இறப்பு 1904. இவர் 1872இல் வரைந்த 'பொலிச்சே வெர்ஸோ' என்ற படத்தில், ரோம அரங்கில் வீழ்ந்த வீரனைக் கொல்லச் சொல்லி பார்வையாளர்கள் பெருவிரலைக் கீழே குத்திக் காட்டுகிறார்கள். அந்த லத்தீன் தலைப்புக்குத் 'திருப்பிய பெருவிரல்' என்று மட்டும்தான் பொருள். எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்களுக்கே உறுதியில்லை. ஜெரோம் கீழே திருப்பினார், உலகம் நம்பியது. 'கிளாடியேட்டர்' படத்தைத் தயாரிக்க வந்தவர்கள் ரிட்லி ஸ்கொட்டிடம் கொண்டுபோய்க் காட்டியது இந்த ஓவியத்தின் பிரதியைத்தான். அதிலேயே அவர் விழுந்துவிட்டார், 2000இல் படம் வந்தது. யூடியூபில் பிடிக்காத வீடியோவுக்கு நாங்கள் குத்தும் கீழ்ப் பெருவிரலுக்கும் இந்த மனிசனின் தயவு கொஞ்சம் இருக்கிறது.

இவர் எப்படி இவ்வளவு தூரம் பரவினார்? அவருடைய மாமனார் அடோல்ஃப் கூப்பில். ஓவிய வியாபாரி, ஓவியங்களை அச்சுப்படமாக்கி ஊர் ஊராக விற்றவர். சலோனில் ஒரு படம் தொங்கும், அதன் பிரதிகள் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போகும். அச்சடித்து விற்பதற்காகவே ஜெரோம் வரைகிறார் என்று எமில் ஸோலா 1867இலேயே நக்கலடித்தார். எங்களுக்கு அது நக்கலாகத் தெரியவில்லை. ஷெயார் ஆகும் என்று தெரிந்தே போஸ்ட் போட்ட முதல் ஆட்களில் ஒருவர் என்றுதான் தோன்றுகிறது.

இனி எங்கட வீட்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை காலை, குடும்ப வட்ஸ்அப் குரூப், 'ஜும்ஆ முபாரக்'. ஒரு சாச்சி அனுப்பிய அட்டையில் பழைய பள்ளிவாசல், உயர்ந்த தூண்கள், தலைப்பாகைகள், வரிசையாகத் தொழுகிறவர்கள். கீழே பொன்னெழுத்தில் துஆ. பார்த்தால் மனம் அமைதியாகிவிடும். அது ஜெரோமின் 'பள்ளிவாசலில் தொழுகை', 1871, கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசல், அசல் இருப்பது நியூயோர்க்கின் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில். அட்டையில் தெரியாத ஒரு விஷயம் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். தொழுகிறவர்களுக்கு நடுவில் கோவணம் போன்ற ஒரு துண்டோடு மட்டும் ஒருவர் நிற்கிறார். எங்கட பள்ளியில் ஸஃப்பில் அப்படி ஒருவர் வந்து நின்றால் முன்வரிசை அப்பாமார் விட்டுவைப்பார்களா? பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அந்த ஆள் தேவைப்பட்டார். கிழக்கு என்றால் கொஞ்சம் விசித்திரம் இருக்கவேண்டுமே.

அவருடைய 'பாம்பாட்டி' என்ற படத்தில் இந்தத் தந்திரம் இன்னும் துலக்கம். 1879 அளவில் வரைந்தது. நீல ஓடு பதித்த சுவருக்கு முன்னால் ஒரு சிறுவன் பெரிய பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்க, ஆயுதத்தோடு குந்தியிருக்கும் ஆட்கள் வாய் பார்க்கிறார்கள். சுவர் இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையின் ஓடுகள். தரை கெய்ரோப் பள்ளிவாசலின் மாதிரி. இரண்டு ஊரையும் வெட்டி ஒட்டியிருக்கிறார். சுவரின் மேலே ஓடும் அரபு எழுத்து வெறும் அலங்காரமும் அல்ல. பகறா சூறாவின் 256ஆவது வசனம், மார்க்கத்தில் நிர்ப்பந்தம் பற்றியது. அதற்குக் கீழே ஓடுகள் சில உடைந்து கிடக்கின்றன, ஒருவரும் கவனிப்பதில்லை. ஓட்டின் பூ ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குச் சரியாக இருப்பதால் மிச்சமும் சரியாகத்தான் இருக்கும் என்று மூளை நம்பிவிடுகிறது. எட்வர்ட் ஸயீதின் 'ஓரியண்டலிசம்' 1978இல் வந்தபோது அட்டையில் இருந்தது இந்தப் படம்தான். 1983இல் லிண்டா நொக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். ஓவியரின் கை படத்தில் தெரியாமல் இருப்பதே பெரிய பொய் என்பது அவருடைய வாதத்தில் எங்களுக்குப் பிடித்த இடம். தூரிகைத் தடம் தெரிந்தால் 'ஆரோ வரைஞ்சது' என்று நினைப்போம். தெரியாவிட்டால் 'உள்ளதுதானே' என்போம். இப்போது வரும் ஏஐ ஜும்ஆ அட்டைகளின் வழவழப்பைப் பாருங்கள், அதே பரம்பரை.

அதனால் என்ன, அழகான படம், இருந்திட்டுப் போகட்டும் என்று எங்கட கூட்டத்திலேயே ஒருத்தி சொன்னாள். நாங்களும் பாதி ஒத்துக்கொண்டோம், 2019இல் ஜேர்மனியில் நடந்ததை வாசிக்கும் வரைக்கும். ஜெரோம் 1866இல் 'அடிமைச் சந்தை' என்று ஒரு படம் வரைந்திருக்கிறார். தலைப்பாகைக்காரர்கள் ஒரு வெளுத்த பெண்ணின் பல்லைப் பிடித்துச் சோதிக்கும் காட்சி. ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்கு ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சி இதைப் பெர்லினில் போஸ்டராக ஒட்டியது. முஸ்லிம்கள் வந்தால் ஐரோப்பா இப்படித்தான் ஆகும் என்பது செய்தி. படத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது. ஆனால் படத்துக்குக் காப்புரிமை இல்லை, சட்டப்படி தடுக்க வழியில்லை. கெய்ரோவில் அடிமை வியாபாரம் இருந்ததில்லை என்று நாங்கள் சொல்லவில்லை, இருந்தது. பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை முடித்ததும் 1848இல்தான், இந்தப் படத்துக்கு வெறும் 18 வருடம் முன்பு. ஜெரோம் வரைந்த அடிமைச் சந்தைகளோ கெய்ரோவிலும் பழைய ரோமிலும்தான் இருக்கின்றன.

சாச்சி துஆவோடு அனுப்பியதும் பெர்லினில் பயம் காட்ட ஒட்டியதும் ஒரே கை வரைந்தவை. நாங்கள் அன்போடு பார்க்கும் எங்கட 'பழைய காலம்' அவர்கள் வெறுப்போடு பார்க்கும் அதே 'பழைய காலம்'.

(சின்ன இடைச்செருகல்: 'பாம்பாட்டி', 'அடிமைச் சந்தை', நியூயோர்க் குடிமண்டபத்தில் தொங்கிய பூகரோ, மூன்றும் இன்று ஒரே இடத்தில், அந்தக் கிளார்க் நிறுவனத்தில். அதை நிறுவிய ஸ்டெர்லிங் கிளார்க்கின் குடும்பச் சொத்து சிங்கர் தையல் மெஷின் வியாபாரத்தில் வந்தது. உம்மம்மா இன்றைக்கும் கால்மிதியில் ஓட்டும் அதே சிங்கர்.)

பதில் சொன்னவர்களும் இருந்தார்கள், அதுவும் அதே பாணியில். உஸ்மானியப் பேரரசிலிருந்து பாரிஸுக்குப் போய் இந்த அகாதமி ஓவியத்தைக் கற்றுக்கொண்டவர் உஸ்மான் ஹம்தி பே. அவர் படங்களிலும் அதே ஓடுகள், அதே பள்ளிவாசல்கள். ஆனால் ஆட்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், கிதாபு வாசிக்கிறார்கள், வாதாடுகிறார்கள். அவருடைய 'ஆமைப் பயிற்சியாளர்', 1906, நீல ஓட்டுச் சுவருக்கு முன்னால் ஒரு வயதானவர் கையில் புல்லாங்குழலோடு ஆமைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாம்பாட்டிக்குப் பதில் ஆமையாட்டி. ஜெரோமைச் சீண்டுவதற்காகவே வரைந்தாரோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க ஒன்றும் கையில் இல்லை.

இந்தப் பக்கம் ரவி வர்மா. பாரிஸுக்குப் போகாமலே, திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் வரைவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர். கூப்பில் செய்ததையே இவரும் செய்தார், 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டார். திருகோணமலை டவுன் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே தாமரையில் நிற்கும் லட்சுமியும் மாலை ஏந்திய யானையும் அந்த அச்சகத்தின் பேரப்பிள்ளைகள். சாமிக்கு எண்ணெய் வர்ணத் தோலும் சேலை மடிப்பும் கொடுத்தது அகாதமி பாணிதான். ஆனால் அதை யாருக்காக வரைவது என்று தீர்மானித்தவர் ரவி வர்மா.

எங்கட தண்ணீரை யார் வரைந்தார்கள்? இலங்கைக்கும் பாரிஸில் ஒரு முறை வந்திருக்கிறது, ஓவியமாக அல்ல, ஒபேராவாக. அதே 1863, செப்டெம்பர் 30. 24 வயது பிஸே இசையமைத்த 'முத்துக் குளிப்பவர்கள்'. கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில். எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவில் வைத்திருந்தார்கள், பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். தொப்காப்பிச் சுவருக்குக் கெய்ரோத் தரை போட்ட மாதிரி. கதாநாயகன் பெயர் நாதிர், கதாநாயகி லைலா. வாசித்ததும் 'ஆ, எங்கட ஆக்கள்' என்று குதித்தோம். இரண்டு வரி தள்ளிப் பார்த்தால் லைலா பிரம்மாவுக்குப் பூசாரிப் பெண். முதல் சுற்றில் 18 தடவை மேடையேறியது.

அந்த நாளில் நிஜ முத்து எங்கட பக்கத்திலேயே எடுக்கப்பட்டது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. கிண்ணியாவை ஒட்டிய தம்பலகாமக் குடாவில் தட்டையான, வெளிச்சம் ஊடுருவும் ஒரு சிப்பி உண்டு. மணிலாவிலும் கோவாவிலும் கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் பதித்தார்களே, அந்தச் சிப்பி. அதன் முத்து பொடிப்பொடியானது, மாலைக்கு ஆகாது, சுண்ணாம்பாகச் சுட்டு வெற்றிலையோடு போடப் பணக்காரர்கள் வாங்கினார்கள். அரசாங்கம் குடாவைக் குத்தகைக்கு விட்டது. 1858க்கு முந்திய மூன்று வருடத்தில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி 180 இலட்சத்துக்குக் குறையாது என்று இயற்கையியலாளர் கெலார்ட் கணக்குச் சொன்னார். பாரிஸில் லைலா பாடுவதற்கு ஐந்து வருடம் முன்பு, இங்கே சேற்றுக்குள் கையை விட்டு 180 இலட்சம் சிப்பி அள்ளியவர்கள் எப்படி இருந்தார்கள், தலையில் என்ன கட்டியிருந்தார்கள் என்று காட்டும் ஓர் ஓவியமும் எங்கள் கண்ணில் படவில்லை.

இன்று குறிஞ்சாக்கேணி என்று கூகுளில் படம் தேடினால் வருவது 2021 நவம்பர் 23. பாலம் இல்லாத இடத்தில் கவிழ்ந்த படகு, கரையில் கூடிய சனம், பள்ளிக்கூடப் பைகள். அது பொய்யில்லை, எங்கட துக்கம்தான். ஆனால் வெளியூர் கெம்பஸில் ஊர் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கண்ணில் ஓடுவது அந்த ஒரே படம் என்று எங்களுக்குத் தெரிகிறது.

போன மாதம் நாங்கள் ஐந்தாறு பேர் ஃபோனை எடுத்துக்கொண்டு குடாப் பக்கம் போனோம். வலை வீசும் ஒரு அப்பா, இறால் கூடை, சேற்றில் கிடந்த ஒரு தட்டைச் சிப்பி. கை ஆடியதில் பாதிப் படங்கள் மங்கல். நல்லதாக வந்த ஒன்றை, அப்பாவிடமே கேட்டுவிட்டு, பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சலூன் காக்காவிடம் கொடுத்தோம். மெஸ்ஸியை நகர்த்த மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போதைக்குச் சீலிங்குக்குக் கீழே, விசிறிப் பக்கம் தொங்குகிறது. பார்க்கக் கழுத்து வலிக்கும்.