ஆறு அறை, ஐந்து குண்டு

ஊருக்குப் போய்விட்டு புனே திரும்பும்போது ரயிலில் படிக்க லயன் காமிக்ஸ் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தமுறை டெக்ஸ் வில்லரில் மூழ்கியிருந்த பையன் திடீரென்று கேட்டான்: "ஏம்ப்பா, இடுப்புல தொங்கும்போதே துப்பாக்கி தானா வெடிச்சுடாதா?"

வெடித்திருக்கிறது. அதுவும் சாட்சாத் வயாட் எர்ப்புக்கே!

1876 ஜனவரி 9, ஞாயிறு இரவு. கன்சாஸில் விசிட்டா நகரம். அங்கே போலீஸ்காரராக இருந்த எர்ப், ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுந்தது. சுத்தியல் நாற்காலியில் இடித்திருக்க வேண்டும். டுமீல்! குண்டு அவர் கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியே வெளியே போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. உள்ளூர்ப் பத்திரிகை மட்டும் விடவில்லை, செய்தியாகப் போட்டுவிட்டது.

ஏன் இப்படி? அந்தக் காலத்து ரிவால்வர்கள் 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகை. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் சுட முடியும். விசை அதை விடுவிக்க மட்டுமே. 1873-ல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் சுத்தியலின் நுனியிலேயே ஊசி. சுத்தியலை இறக்கி வைத்தால் ஊசி தோட்டாவின் முதுகில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கீழே விழுந்தாலோ, குதிரைச் சேணத்தின் வளையம் தட்டினாலோ போதும். 'பாதுகாப்பு' என்று ஒரு சின்ன வெட்டு இருந்தது, ஆனால் பலமாக அடிபட்டால் அது உடைந்துவிடும்.

அனுபவஸ்தர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு குண்டு போடு, ஓர் அறையை விடு, நான்கு போடு. பிறகு சுத்தியலை இழுத்து, காலி அறை மீது மெல்ல இறக்கு. ஆறு அறை, ஐந்து குண்டு. இந்தப் பாடம் எர்ப் சொன்னதாகவே, 1931-ல் ஸ்டுவர்ட் லேக் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பட்டவருக்குத்தானே தெரியும் :-)

1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பிரௌனிங்கின் பிஸ்டலும் சிங்கிள் ஆக்‌ஷன்தான். அதில் கட்டைவிரல் பூட்டு ஒன்று, கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் விலகும் பூட்டு இன்னொன்று என்று இரண்டு வைத்தார்கள்.

ரிவால்வருக்கு விமோசனம் தாமதமாகவே வந்தது. ரூகர் நிறுவனம் 1953 முதல் விற்ற கௌபாய் பாணி ரிவால்வர்களிலும் பழைய ஆபத்து தொடர்ந்தது. விபத்துகள், வழக்குகள். 1973-ல்தான் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் இரும்புப் பட்டையை வைத்தார்கள். விசையை இழுத்தால் மட்டுமே அது மேலெழுந்து அடியைக் கடத்தும். 1982-ல் பழையவற்றையும் இலவசமாக மாற்றித் தர முன்வந்தார்கள்.

அதாவது ஒரு நூற்றாண்டுக்கு இயந்திரத்தின் குறையை மனிதர்களின் பழக்கம்தான் தாங்கிப் பிடித்தது. பழக்கம் ஒருநாள் மறந்தால், எல்லோருக்கும் எர்ப்பின் அதிர்ஷ்டம் வாய்க்காது.

"அப்ப டெக்ஸ்கிட்டயும் அஞ்சு குண்டுதானா?" என்றான் பையன்.

எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சோலாப்பூர் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தான்.