அமிர்தசரஸ் கூடாரங்கள்

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பது ஓர் இடத்தின் பெயர் மட்டுமன்று. ஒரு வசைச் சொல்லுங்கூட. பள்ளி நாட்களில் தோழர்களைக் கேலி செய்ய நாங்களும் அப்பெயரைப் பயன்படுத்தியதுண்டு. மனநலச் சிகிச்சையையே பிற்காலத்தில் தொழிலாகக் கொள்வேன் என்று அன்று எனக்கு எங்கே தெரியும்? ஓர் ஊர்ப்பெயர் எவ்வாறு வசையாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம், அங்கே எழுந்த மதிலே என் கண்முன் வந்து நிற்கிறது.

1794-ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி என்ற ஆங்கில மருத்துவர், சித்தம் கலங்கியவர்களுக்கென்று சென்னையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். அத்தகைய அரசினர் விடுதி 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் லோக்காக் தோட்டம் என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்தது. அன்று அது நகருக்கு ஒதுக்குப்புறம். மதில் எழுப்பியவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நோயைத் தணிக்கும் மருந்து அக்காலத்தில் உலகில் எவரிடமும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் மறந்துவிட மதில் மிகவும் வசதியாயிருந்தது. 1912-ஆம் ஆண்டின் பித்தர் சட்டம், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது. அதன்படி நோயாளியைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். காய்ச்சல் கண்டவனை யாரும் மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் செல்வதில்லை அல்லவா? இவ்வாறு நோயாளி ஏறக்குறையக் குற்றவாளியாகவே உள்ளே சென்றார். அவருடைய குடும்பமோ வாயிலோடு நின்றுவிட்டது.

அக்குடும்பத்தை உள்ளே அழைத்த பெருமை டாக்டர் வித்யாசாகருக்கு உரியது. 1950-களில் அவர் பஞ்சாபில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அங்கே இடமோ மிகக் குறைவு. நோயாளிகளோ மிகப் பலர். அவர் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்தார். நோயாளியோடு தாயோ, மனைவியோ, அண்ணனோ வந்து அதில் தங்கவேண்டும் என்றார். இடநெருக்கடிக்குக் கண்ட வழி அது. பெரிய தத்துவம் எதையும் முன்வைத்து அவர் தொடங்கியதாகத் தோன்றவில்லை. பலனோ எவரும் எதிர்பாராதது. உறவினர் உடனிருந்த நோயாளிகள் விரைவிலே தேறினார்கள். இந்நோய் தீராது என்று நம்பி வந்த உறவினர்கள், பக்கத்துக் கூடாரத்து மனிதர் தெளிந்து வீடு திரும்புவதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டார்கள். ஒரு துண்டுக் கித்தான், உயர்ந்த மதிலால் இயலாததைச் செய்துவிட்டது.

இம்முறை அங்கேயே நின்றுவிடவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு 1957-இல் தொடங்கியபோதே, உறவினர் உடன் தங்குவதைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. பெங்களூரிலும் குடும்ப விடுதிகள் எழுந்தன. மருந்தும் துணைக்கு வந்தது: 1952-இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் மனக்கொதிப்பைத் தணிக்கும் என்று கல்கத்தா மருத்துவர்கள் 1931-லேயே எழுதியிருந்ததையும் மறப்பதற்கில்லை. 1961-இல் டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரானார். ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓயவில்லை. 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார்.

அப்படியானால் உறவினர் கையில் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இவ்விடத்தில் நம் தமிழகத்தின் துயரம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களுள் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் உறவினர்களே. ஈரமற்றவர்கள் என்று அவர்களை எளிதில் ஏசிவிடலாம். மருத்துவமனையோ தொலைவில், கையில் பணமில்லை, ஊரார் பேச்சோ தாங்கவில்லை. அந்நிலையில் நாம் என்ன செய்திருப்போம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் கூடாது என்று விலக்கியது. அத்துடன், தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். நோயாளி சொன்னதை அவர் இசைவின்றிப் பிறரிடம் வெளியிடலாகாது. மதிலைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்காக 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. கட்டணமின்றி அதில் பேசலாம்.

இச்சட்டம் என் போன்றவர்களை ஓர் இக்கட்டில் நிறுத்தியிருக்கிறது. குடும்பத்தை உள்ளே அழைக்கச் சொல்கிறது அமிர்தசரஸ். முதலில் நோயாளியைக் கேள் என்கிறது சட்டம். இரண்டும் சரியே. ஆனால் என் அறையிலோ கதவு ஒன்றுதான் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழை ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. உறக்கமின்றி வாடிய கல்லூரி மாணவி ஒருத்தியைத் தந்தை, தாய், பெரியப்பா மூவரும் அழைத்து வந்தார்கள். ஒரு மணி நேரம் அவர்கள் சொன்னதையெல்லாம் மிகுந்த அக்கறையோடு குறித்துக்கொண்டேன். எழுந்து செல்லும்போது அப்பெண், “எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், ஐயா. ஏன் வரவில்லை என்று என்னை நீங்கள் கேட்கவே இல்லையே” என்றாள். அடுத்த முறை கேட்கலாம் என்றிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

அதன்பின் நோயாளியோடு முதலில் தனித்தே பேசுகிறேன். பிறகு, “வெளியே இருப்பவர்களில் யாரை அழைக்கலாம்?” என்று கேட்கிறேன். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவன் நெடுநேரம் தலைகுனிந்திருந்து, “அப்பா வேண்டாம், அத்தையைக் கூப்பிடுங்கள்” என்றான். நான் கதவைத் திறந்தபோது தந்தையே முதலில் எழுந்தார். அவரை உட்காரச் சொல்லி அத்தையை அழைப்பது எனக்கு எளிதாக இல்லை. “பெற்றவன் நான் வரக்கூடாதா?” என்று கேட்டார். அன்று அவருக்கு ஏற்ற விடை என்னிடம் இல்லை. தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு மாதங்கள் அவர் அந்தப் பெஞ்சிலேயே காத்திருந்தார். மூன்றாம் மாதம் உள்ளே வந்தார். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவன் அந்த மாணவன்தான்.