மரத்து மேல டைல்ஸ் ஒட்டலாமா?

நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மரத்தரை போட்ட பாத்ரூமுக்கு அவரே டைல்ஸ் ஒட்டுகிறாராம். மரத்தின் மேல் சிமெண்ட் போர்டு என்று ஒரு தகட்டை ஸ்க்ரூ அடித்து, அதன் மேல் டைல்ஸ். "மரத்து மேல எவனாவது டைல்ஸ் ஒட்டுவானா?" என்று சிரித்தேன். பாட்டி மேலே கை காட்டி, "நம்ம மாடி பாத்ரூம் எது மேல நிக்குதுன்னு நெனச்சே?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகப் பனங்கட்டை! இத்தனை வருஷம் அதுக்குக் கீழேதான் படுத்துத் தூங்கியிருக்கிறேன் :-)

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், 1958இல் தாத்தா கட்டியது. பத்திரத்தில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று இருக்கும். 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது, 1937இல் கிறித்துவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. அதற்கப்புறம் ஸ்டேஷனைச் சுற்றி வீடுகள் முளைத்தன. பழைய வீடுகளில் நிறைய இந்த வகைதான்.

அது என்ன மெட்ராஸ் டெரஸ்? சுவருக்குச் சுவர் ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகள். காசுள்ளவர்களுக்கு பர்மா தேக்கு, நமக்குப் பனை. அதன் மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி, கோணலாக (மூலைவிட்டமாக) சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சாரப்பலகை கிடையாது. ஒரு மூலையில் ஆரம்பித்தால், ஒட்டிய கல்லே அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நாலு அங்குலம் கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தட்டும்போது தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கடைசியாகத் தட்டோடு.

ஆக மரம், அதன் மேல் கல், அதன் மேல் ஓடு. சித்தப்பா செய்வதும் அதேதான், நடுவில் இருக்கும் பொருள்தான் வேறு. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே ஆள் நடந்தால் கொஞ்சம் வளையும். டைல்ஸுக்கு வளையவே தெரியாது. அமெரிக்கக் கணக்குப்படி பத்தடிக் கட்டை ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளைந்தால் அதன் மேல் செராமிக் டைல்ஸ் ஒட்டக்கூடாது. சுண்ணாம்பு அப்படி முரண்டு பிடிக்காது. மெதுவாக இறுகும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முக்கியமாக, குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

அப்படியும் அந்தக் காலத்தில் மாடியில் குளியலறை வைக்கத் தயங்கினார்கள். குளியல் கிணற்றடியில், புழக்கடையில். வெள்ளைக்காரர் பங்களாக்களில்தான் படுக்கையறையை ஒட்டியே குளியலறை வந்தது. அங்கேயும் குழாய் கிடையாது. தண்ணீர் சுமப்பவர் வர வெளிப்பக்கம் ஒரு கதவு, குளிக்க ஒரு தொட்டி, தண்ணீர் போக சுவரில் ஒரு ஓட்டை. தரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி பளபளக்கும் என்று அப்போதே பெயர் வாங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904இல் நடந்ததும் மெட்ராஸில்தான், அதுவும் கிளிஞ்சலை வைத்து! சீக்கிரமே படுத்துவிட்டது. ஆனால் பின்னால் வந்த சிமெண்ட் சுண்ணாம்புக் காளவாய்களை மூட வைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எழுபதுகளில் தாத்தா மாடியறையின் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்கினார். தரை வெறும் ரெட் ஆக்சைடு, இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 1998இல் அத்தை கல்யாணத்துக்காக, அதன் மேலேயே சிமெண்ட் கொட்டி வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். வீடே பெருமைப்பட்டது. கட்டை வளைய வளைய டைல்ஸ் இடுக்கில் மயிரிழை விரிசல். அதில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியில்லை, பளபள டைல்ஸ் மூடிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் ஊறி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைக்குப் போய்விட்டது. மரம் உளுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த முனையில்தான். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் செங்கல் துண்டு விழுந்தது.

இப்போது அப்பா கையில் ஒரு பில்டரின் நோட்டீஸ். இடித்தால் நாலு பிளாட், நமக்கு ரெண்டு. பாட்டி பேசுவதில்லை.

இதெல்லாம் இனி யாருக்குத் தெரியும் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் சேப்பாக்கம் ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித்துறை புதுப்பித்தபோது மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே தளம் போட்டார்கள். வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? தேடியதில் பெருங்களத்தூர் பக்கம் ஒரு பெரியவர் கிடைத்தார். கட்டைகளை விரலால் தட்டிப் பார்த்து, "ரெண்டுதான் போச்சு தம்பி. மத்தது உங்க பேரனுக்கும் தாங்கும். குளிக்கிற ரூமை மட்டும் கீழ எறக்கிடுங்க" என்றார்.

அப்பா தை வரைக்கும் டைம் கேட்டிருக்கிறார். அதற்குள் அந்த மூலையை மட்டும் பெயர்த்துச் சுண்ணாம்பில் போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு. கடுக்காய் வாங்க நாட்டு மருந்துக் கடைக்கு நான்தான் போனேன். "எத்தனை கிராம்?" என்றார் கடைக்காரர். "ஒரு மூட்டை" என்றேன். வயிற்றில் என்ன கோளாறு என்று கேட்காத குறை :-)