கில்ஸ்ட்ரீக்

பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சுடும் வீடியோ கேம்களில், தான் சாகாமல் அடுத்தடுத்து எதிரிகளை வீழ்த்துபவருக்குக் கிடைக்கும் வெகுமதி. 2007-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' இதைப் பரவலாக்கியது. 3 பேரைச் சாய்த்தால், எதிரிகளைச் சிறு வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் உளவு விமானம். 5 பேருக்கு வான்வழிக் குண்டுவீச்சு. 7 பேருக்குத் தானே சுடும் ஹெலிகாப்டர். நடுவில் செத்தால் கணக்கு மறுபடி பூஜ்ஜியம்.

'மாடர்ன் வார்ஃபேர் 2' (2009) வெகுமதிகளை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க விட்டது. 25 பேரை வீழ்த்தினால் அணுகுண்டு. அது வெடித்ததும் ஆட்டமே முடிந்து, போட்டவர் அணி வென்றுவிடும்.

வலுத்தவருக்கே மேலும் வலு சேர்க்கிறது என்பது இம்முறையின் குறை. இதைத் தணிக்க, 'மாடர்ன் வார்ஃபேர் 3' (2011) செத்தாலும் கணக்கு அழியாத 'சப்போர்ட்' வகையைச் சேர்த்தது. 'பிளாக் ஆப்ஸ் 2' (2012) தலை எண்ணிக்கைக்குப் பதிலாக மதிப்பெண்ணை அளவுகோலாக்கியது. கொடியைக் கைப்பற்றுவதும் அதில் கணக்காகும்.