ஒரே கட்டளை.. நொடிகளில் மாயமான 300 ஜிபி! சர்வரில் டெலிட் ஆனால் திரும்பி வருமா?

நம்ம வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இணைய சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அங்கே கருப்புத் திரையில் டைப் செய்து கொடுக்கும் அழிப்புக் கட்டளைக்கு குப்பைத்தொட்டி என்ற ஒன்றே கிடையாது.

அந்தக் கட்டளையின் பெயர் 'ஆர்எம்'. ரிமூவ் என்பதன் சுருக்கம். இதோடு 'ஆர்', 'எஃப்' என இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால்தான் ஆபத்து. 'ஆர்' என்றால், ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டர், அதற்குள் இருப்பது என அடிவரை போய் அழி என்று அர்த்தம். 'எஃப்' என்றால், என்னிடம் எதுவும் கேட்காதே. "நிச்சயமா அழிக்கலாமா?" என்ற கேள்வியே வராது. என்டர் தட்டினால் அவ்வளவுதான்.

டாய் ஸ்டோரி 2 தப்பித்தது எப்படி?

1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் படத்தின் ஃபைல்கள் இருந்த இடத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். வுட்டி கதாபாத்திரத்தின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை ஊழியர்கள் திரையில் பார்த்திருக்கிறார்கள். உடனே சர்வர் அறைக்கு போன் போட்டு, "பிளக்கைப் பிடுங்குங்க" என்று சொன்னார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. அதிலிருந்து மீட்டு, சில நாள் வேலையும் பார்த்த பிறகுதான் அந்த நகலே அரைகுறை என்பது தெரிந்தது.

காப்பாற்றியது கேலின் சூஸ்மன். படத்தின் தொழில்நுட்ப இயக்குநர்களில் ஒருவர். அப்போதுதான் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, படத்தின் நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி, காரில் பத்திரமாக ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். (இவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தை, கதை சரியில்லை என்று பெரும்பகுதி மாற்றி எடுத்தார்கள் என்பது தனிக்கதை.)

கிட்லேப்: 5 வழி இருந்தும் கைவிட்ட பேக்கப்

இது 2017 ஜனவரி 31 இரவு நடந்தது. கிட்லேப் என்பது சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் கோடிங்கைச் சேமித்துவைக்கும் தளம். அதன் டேட்டாபேஸ் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று முதன்மை, மற்றொன்று அதன் நகல். நகல் பின்தங்கிப்போனதால், அதைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்ப நினைத்தார் ஒரு இன்ஜினியர். கட்டளையைக் கொடுத்தது முதன்மை சர்வரில்! ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

இனிதான் விஷயமே. பேக்கப், நகல் என்று அவர்கள் நம்பியிருந்த 5 வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் சேரவேண்டிய ஃபோல்டர் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேரின் வெர்ஷன் டேட்டாபேஸோடு ஒத்துப்போகாததால், எடுக்க முயன்ற ஒவ்வொரு முறையும் தோல்வி. அந்தத் தோல்வியைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்துவந்தது. ஆக, பேக்கப் நின்றுபோனதே யாருக்கும் தெரியாது.

கடைசியில் கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு நகல். எடுத்தவர் வேறு யாருமில்லை, அதே இன்ஜினியர்தான். அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை போச்சு. சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள். மீட்புப் பணியை யூடியூப்பில் நேரலையாகவே காட்டியது நிறுவனம். நடந்ததை ஒளிக்காமல் விரிவான அறிக்கையாகவும் வெளியிட்டது. பெரிய நிறுவனங்களில் இப்படிப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு ஸ்பேஸ் போதும்

தப்பான சர்வர்கூட வேண்டாம். 2011-ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் சாஃப்ட்வேரின் இன்ஸ்டால் ஃபைலில், அழிக்கவேண்டிய ஃபோல்டரின் முகவரிக்கு நடுவே தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதை இரண்டு முகவரியாகப் படித்தது. இன்ஸ்டால் செய்தவர்களின் கம்ப்யூட்டரில் முக்கியமான சிஸ்டம் ஃபோல்டரே காலி.

இப்போது மொத்த டிஸ்க்கையும் அழிக்கச் சொன்னால் லினக்ஸ் பொதுவாக மறுத்துவிடும். ஆனால் மற்ற ஃபோல்டர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் அனுபவசாலிகள் முதலில் 'எல்எஸ்' கட்டளையால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அழிப்பார்கள். எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரிய, முதன்மை சர்வரின் திரைக்குத் தனி நிறம் வைப்பவர்களும் உண்டு.

போனில் இருக்கும் போட்டோக்களுக்கு?

கூகுள் போட்டோஸில் இருக்கே என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலிருந்தும் அது போய்விடும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடைக்காது. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் இருந்தால்தான் அது பேக்கப். அதையும் அவ்வப்போது திறந்து, படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தெரியாமல் அழித்துவிட்டால் முதல் வேலை, அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் சேமிக்காமல் நிறுத்துவது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் செய்யும்போது பெரும்பாலும் ஃபைலின் முகவரிதான் அழிகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை ரெக்கவரி சாஃப்ட்வேரால் மீட்க வாய்ப்பு உண்டு. இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு ரொம்பவே குறைவு. காலியான இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.